ஜே.இ.இ. மெயின் கணக்கு: நம் பாடநூலிலிருந்தே தொடங்குவது எப்படி?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒரு பையன் வந்தான். பள்ளித் தேர்வில் கணக்கில் 97 வாங்குகிறவன். என்.ஐ.டி. போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத்தேர்வுதான் ஜே.இ.இ. மெயின். அதன் கணக்குப் பகுதிக்கு மாதிரித் தேர்வு ஒன்று வைத்தேன். 25 கேள்விக்கும் விடை போட்டிருந்தான். 7 சரி, 18 தப்பு. சரிக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 குறையும். 28-லிருந்து 18 போக, 100-க்கு 10 மதிப்பெண். முகம் வாடிப்போனது. அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "இதில் எத்தனை கேள்வி உனக்குத் தெரியவே தெரியாது கண்ணு?" எண்ணிப் பார்த்துவிட்டுப் பத்து என்றான். அந்தப் பத்தையும் தொடாமல் விட்டிருந்தால் அதே படிப்புக்கு 20 வந்திருக்கும்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. இந்தத் தேர்வை எழுதுகிற விதம்தான் பழக்கமில்லை. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று மணி நேரம், கணினியில் எழுத வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் தலா 25 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 20 கேள்விகள் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. மீதி 5 கேள்விகளுக்கு விடையை எண்ணாக நாமே உள்ளிட வேண்டும். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். எண் விடைக்கும் இந்தக் கழித்தல் உண்டு. 2025-க்கு முந்தைய சில ஆண்டுகளில் எண் விடைப் பகுதியில் பத்துக்கு ஐந்து எழுதினால் போதும் என்று இருந்தது. இப்போது அந்தச் சலுகை இல்லை. பழைய வீடியோக்களை நம்பி ஏமாற வேண்டாம். விண்ணப்பிக்கிற ஆண்டின் தகவல் கையேட்டை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் விண்ணப்பிக்கும்போதே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழோடு ஆங்கிலமும் திரையில் வரும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே முடிவு. அதனால் அணிக்கோவை என்றால் டிடர்மினன்ட், சார்பகம் என்றால் டொமைன், வீச்சகம் என்றால் ரேஞ்ச் என்று நூறு சொற்களுக்கு ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

"இதற்கு உழைத்து, கிடைக்காவிட்டால் எல்லாம் வீணா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். வீணாகாது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். அதில் கணிதத்துக்கு மட்டும் 100. அந்த நூற்றுக்கும் இதே உழைப்புதான் உதவப்போகிறது.

முதல் படி: பாடநூலில் எது வேண்டும், எது வேண்டாம்

ஜே.இ.இ. கணிதப் பாடத்திட்டத்தில் 14 அலகுகள் இருக்கின்றன. பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களை எடுத்து, அலகு வாரியாகப் பென்சிலால் குறியுங்கள். பெரும்பகுதி நம் புத்தகத்திலேயே இருப்பதைப் பார்ப்பீர்கள். பிளஸ் டூ புத்தகத்தின் பகுதி வகைக்கெழுக்களும் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதமும் இதற்கு வேண்டாம். பொதுத்தேர்வுக்கு மட்டும் படித்தால் போதும். மாறாக, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கமும், அதன் வர்க்கமான விலக்க வர்க்கச் சராசரியும் ஜே.இ.இ.யில் உண்டு. அதற்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பரணில் கிடக்கும், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எல்லா எண்களோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் விலக்க வர்க்கச் சராசரி மாறாது. எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்கினால் அது 9 மடங்காகும். இந்த இரண்டு வரி புரிந்தால் அந்தப் பாடத்தில் பாதிப் பயம் போய்விடும்.

எந்த வரிசையில் படிப்பது? என் கருத்து இது: வெக்டர், முப்பரிமாண வடிவியல், அணிகள் மூன்றையும் முதலில் முடியுங்கள். வழி நேரானது, சீக்கிரம் மதிப்பெண் கைக்கு வரும், மனதுக்கும் தெம்பு. அடுத்து நுண்கணிதம். எல்லையும் வகையீடும், தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு என்று மூன்று அலகு அதிலேயே போகிறது. முக்கோணவியலைத் தனியாக ஒதுக்காமல் தினமும் பத்து நிமிடம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். சேர்ப்பியலும் நிகழ்தகவும் கடைசியில் வரட்டும். சூத்திரம் குறைவு, யோசனை அதிகம், ஊற நாள் வேண்டும்.

அந்தச் சேர்ப்பியலில் எல்லோரும் தடுமாறும் இடம், வரிசை முக்கியமா இல்லையா என்பது. நம் ஊர் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட், கேரட், வெங்காயம், மாங்காய், வெள்ளரி என ஐந்தில் மூன்றை எடுத்துக் கலந்து வைத்தால் 10 வகை. அதே மூன்றைக் கீழிருந்து மேலாக அடுக்கி, அடுக்கு மாறினால் வேறு செட் என்று கணக்கு வைத்தால் 60 வகை. முதலாவது சேர்மானம், இரண்டாவது வரிசைமாற்றம். கேள்வியைப் படித்ததும் "கலவையா, அடுக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தீர்க்காமல் விடை காணப் பழகுங்கள்

பொதுத்தேர்வு நமக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. சமன்பாட்டைப் பார்த்தால் உடனே மூலம் கண்டுபிடிக்க வேண்டும், எல்லாப் படிகளையும் எழுத வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே அது நேரத்தைத் தின்றுவிடும். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

எக்ஸ்² − 5எக்ஸ் − 3 = 0. மூலங்கள் ஆல்ஃபா, பீட்டா. இரண்டு மூலங்களின் 12-ஆம் அடுக்குகளைக் கூட்டுங்கள். அதிலிருந்து, 10-ஆம் அடுக்குகளின் கூட்டலைப் போல மூன்று மடங்கைக் கழியுங்கள். வருவதை 11-ஆம் அடுக்குகளின் கூட்டலால் வகுத்தால் விடை என்ன?

மேலே சொன்ன பையன் உடனே சூத்திரத்தைப் போட்டு மூலம் கண்டான். 37-இன் வர்க்கமூலம் வந்து நின்றது. அதைப் 12-ஆம் அடுக்குக்கு உயர்த்தப் போனவன் ஒரு பக்கம் நிரப்பிவிட்டு நிறுத்திவிட்டான். பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன். "ஆல்ஃபா இந்தச் சமன்பாட்டின் மூலம் என்றால் என்ன அர்த்தம்?" கொஞ்ச நேரம் பேச்சில்லை, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "எக்ஸ் இருக்கிற இடத்தில் ஆல்ஃபாவைப் போட்டால் பூஜ்ஜியம் வரும்." அப்படியானால் ஆல்ஃபா² − 3 என்பது 5 ஆல்ஃபா. 12-ஆம் அடுக்கிலும் 10-ஆம் அடுக்கிலும் ஆல்ஃபாவின் 10-ஆம் அடுக்கைப் பொதுவாக வெளியே எடுத்தால், உள்ளே இருப்பது அதே ஆல்ஃபா² − 3. அந்த இடத்தில் 5 ஆல்ஃபாவைப் போட்டால், 11-ஆம் அடுக்கின் ஐந்து மடங்கு. பீட்டாவுக்கும் அப்படியே. வகுத்தால் விடை 5. மொத்தம் நான்கு வரி.

பாடநூலில் ஒவ்வொரு பயிற்சிக் கணக்கையும் முதல்முறை முழுசாகப் போடுங்கள். இரண்டாம் முறை, "கேட்டதை மட்டும் கண்டுபிடிக்கக் குறைந்தபட்சம் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். அப்புறம் முந்தைய ஆண்டு வினாக்களுக்கு வாருங்கள். புதுப் புத்தகங்களை வாங்கிக் குவிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: தப்பு நோட்டு

இதை மட்டும் செய்யாமல் விடாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று வரி: கேள்வி எந்தப் பாடம், எந்த வரியில் தவறியது, என்ன வகைத் தப்பு. வகை நான்குதான். பாடம் தெரியவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், கை தவறியது, நேரம் போதவில்லை.

ஏற்காட்டிலிருந்து சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் இறங்கி வரும் மாணவி ஒருத்தி ஒரு மாதம் இப்படி எழுதினாள். பாதிக்கு மேல் "கை தவறியது". அதிலும் பெரும்பாலானவை, அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருக்கும்போது உள்ளே இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்தவை. பாடம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஒரு இடத்தில் பேனாவை நிறுத்திக் குறியை வட்டமிடச் சொன்னேன். அடுத்த தேர்வில் மதிப்பெண் ஏறியது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் பலகை இருக்கிறதல்லவா? வளைவுக்கு ஒரு சூத்திரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இறங்குவது அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம். சேலம் வந்து சேர்வதற்குள் தொகையீட்டுச் சூத்திரம் எல்லாம் ஒருமுறை ஓடிவிடும்.

நான்காம் படி: கடிகாரமும் திரையும்

180 நிமிடத்தில் வேதியியலுக்கு 40, இயற்பியலுக்கு 55, கணிதத்துக்கு 75 என்று பிரித்துக்கொண்டால் பத்து நிமிடம் கையிருப்பு. கணிதத்தின் 75-ஐயும் மூன்று சுற்றாக்குங்கள். முதல் 30 நிமிடம், படித்ததும் வழி தெரிகிற கேள்விகள் மட்டும். அடுத்த 35, வழி தெரியும் ஆனால் வேலை அதிகம் என்பவை. கடைசி 10, நான்கில் இரண்டு விடைகளை நிச்சயமாக அடித்துவிட முடிகிறவை. இரண்டில் ஒன்று என்றால் துணியலாம், சராசரியாக ஒன்றரை மதிப்பெண் நம் பக்கம். எண் விடைக் கேள்வியில் குருட்டாம்போக்கில் எதையும் போடாதீர்கள்.

திரையில் பார்த்துத் தாளில் போடுவது தனிப் பழக்கம். கேள்வியைக் கோடிட முடியாது. எண்ணைத் தாளில் இறக்கும்போதே குறி மாறிப்போகும். கால்குலேட்டர் கிடையாது. எண் விடையைத் திரையில் தெரிகிற எண் பலகையில் மவுஸால் அழுத்த வேண்டும். இந்தத் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. வீட்டில் கணினி இல்லாவிட்டால் மாதம் இரண்டு முறையாவது பிரவுசிங் சென்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். செல்போனில் எழுதிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

தேர்வு ஜனவரி, ஏப்ரல் என இரண்டு முறை நடக்கும். இரண்டும் எழுதினால் நல்ல மதிப்பெண்ணே கணக்கு. ஜனவரியைப் பயப்படாமல் எழுதுங்கள். அது முடிந்ததும் பிப்ரவரி, மார்ச் முழுக்கப் பொதுத்தேர்வுக்கு. காலை வேளை என்றால் 9 மணிக்குத் தொடக்கம், வாசற்கதவை அரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஏற்காட்டுப் பிள்ளைகள் முதல் பஸ்ஸை நம்ப வேண்டாம். பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் இறங்கும். முந்தின நாளே கீழே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் எங்கள் மாடி இருக்கிறது.