மன்னாரிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் கூடு கட்டும் பறவைகளைக் கணக்கெடுப்பது எப்படி

இலங்கையில் பாலைவனம் கிடையாது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1250 மில்லிமீற்றருக்கும் குறைவாக உள்ள மன்னார்க் கரையோரமும் அம்பாந்தோட்டைப் பக்கமுமே அதற்கு நெருங்கிய நிலங்கள். மறுபுறம், கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றர் உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த காடும் புல்வெளியும் இருக்கின்றன. கொழும்பில் வேலையோ படிப்போ உள்ள ஒரு சிறு குழு, இந்த இரு நிலங்களிலும் எந்தப் பறவைகள் இனப்பெருக்கம் செய்கின்றன, எவ்வளவு நெருக்கமாக வாழ்கின்றன என்பதை ஒப்பிட விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா. அங்கு ஆய்வு செய்ய வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மன்னாரில் வங்காலை போன்ற சரணாலயங்களுக்கும் அதே திணைக்களத்தையே நாட வேண்டும். பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம் என்று கணக்கிட்டு, விண்ணப்பத்தைப் பருவத்துக்கு வெகு முன்னரே கொடுத்துவிடுங்கள். மன்னாரில் பாதையை விட்டு இறங்குமுன், மிதிவெடி அகற்றப்பட்ட நிலம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் பறவைகளில் பல பெப்ரவரி முதல் மே வரை கூடு கட்டுகின்றன; மலைநாட்டில் ஆவணி, புரட்டாதியை ஒட்டி இரண்டாவது, சிறிய பருவம் ஒன்றும் உண்டு. மன்னாரில் மாரி மழை ஓய்ந்த பிறகு, சோளகம் வலுக்குமுன் வேலையை முடிப்பது நல்லது. காற்று பலத்துவிட்டால், காது பயன்படாது.

இந்த மாதங்களில் ஒரு பொறி இருக்கிறது. ஏப்ரல் வரை வலசைப் பறவைகளும் இங்கேயே நிற்கும். ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள்: விடியலிலும் அந்தியிலும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காத உரிமைக்காரனைப் போலக் கூவும், ஆனால் அது இங்கு கூடு கட்டுவதில்லை, பெரும்பாலும் இந்தியாவில்தான் கட்டும். ஆகவே குரல் மட்டும் இனப்பெருக்கச் சான்றாகாது. உலகில் பல நாடுகளின் பறவை வரைபடங்களில் பின்பற்றப்படும் மூன்று படிநிலைகளை நாமும் பின்பற்றலாம். பொருத்தமான வாழிடத்தில் ஆண் பறவை பாடுவது ‘இருக்கலாம்’ என்ற படி. சோடியாகத் திரிவது, காதலாட்டம் ஆடுவது, நம்மைக் கண்டு பதறிச் சுற்றிப் பறப்பது ஆகியவை ‘பெரும்பாலும்’. முட்டையோ குஞ்சோ உள்ள கூடு, அலகில் இரையுடன் ஒரே புதருக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் தாயோ தந்தையோ, பறக்கப் பழகும் குஞ்சு ஆகியவையே ‘உறுதி’. இதைக் கொழும்பிலேயே பழகலாம். காகம் ஒன்று தன்னைப் போலில்லாத, புள்ளி போட்ட குஞ்சு ஒன்றுக்கு மின்கம்பியில் வைத்து இரை ஊட்டுவதை வெள்ளவத்தையில் கண்டால், குயிலின் இனப்பெருக்கம் ‘உறுதி’ என்று தயங்காமல் எழுதலாம். குயிலின் கூட்டைத் தேடுவதில் பயனில்லை.

அடுத்தது புள்ளிகளை, அதாவது நின்று பறவைகளை எண்ணும் இடங்களை, தெரிவுசெய்வது. பாதையோரமாகவே நிற்கும் ஆசையை அடக்குங்கள். எங்கள் முதல் பருவத்தில் எல்லாப் புள்ளிகளையும் தெருவோரமாகவே வைத்தோம். மைனாவும் காகமும் நிறையக் கிடைத்தன, காட்டுப் பறவைகள் ஏறக்குறைய வரவேயில்லை. வரைபடத்தில் நிலத்தை வகை பிரித்து (உடைமரப் புதர், பனந்தோப்பு, உவர்நிலம், மலையில் காடு, புல்வெளி, இரண்டும் சந்திக்கும் ஓரம்) ஒவ்வொரு வகைக்குள்ளும் குலுக்கல் முறையில் புள்ளிகளை இட்டு, இரண்டுக்கும் இடையில் குறைந்தது 200 மீற்றர் விடுங்கள். மலையில் மட்டுமன்றி மன்னாரிலும் புள்ளி முறையையே முதன்மையாகக் கொள்ளுங்கள். திறந்த வெளியில் 1 கிலோமீற்றர் நடைக்கோடுகளை (நடந்தபடியே எண்ணும் நேர்கோட்டுப் பாதைகளை) மேலதிகமாகச் சேர்க்கலாம், ஏனெனில் கவுதாரியும் வானம்பாடியும் ஆள் நடக்கும்போதுதான் எழும்.

ஒவ்வொரு புள்ளியிலும் வந்து சேர்ந்தபின் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு 10 நிமிடம் எண்ணுங்கள். சூரியன் உதித்ததிலிருந்து மலையில் மூன்று மணி நேரம் கிடைக்கும். மன்னாரில் வெயில் ஏறியதும் பறவைகள் ஒடுங்கிவிடுவதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். மழையிலும், சிறு கிளைகள் ஓயாமல் ஆடும் காற்றிலும் எண்ணாதீர்கள். இலங்கைச் சீகாரப் பூங்குருவி போன்றவை ஓடைக்கரையில் மங்கிய வெளிச்சத்தில் சிறிது நேரமே குரல் கொடுக்கும் என்பதால், அவற்றுக்கென்று தனியே விடியலுக்கு முன்னும் அந்தியிலும் ஒரு சுற்றுச் செல்ல வேண்டும்.

இந்த வேலையின் உயிர் தூரத்தில் இருக்கிறது. உடைமரப் புதரில் 100 மீற்றருக்கு அப்பாலுள்ள பறவை கண்ணில் படும். மலைக்காட்டில் 30 மீற்றரிலேயே இலைத்திரை விழுந்துவிடும். எனவே ‘மன்னாரில் 40, மலையில் 22’ என்று எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது பறவைகளை அல்ல, பார்வை எட்டும் தூரத்தை. 50 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் பரப்பு 0.79 ஹெக்டேயர்; ஆரையை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஒவ்வொரு பறவைக்கும் முதலில் கண்ட இடத்தின் தூரத்தை எழுதினால், தூரம் கூடக் கூடப் பதிவு எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து அடர்த்தியைக் கணக்கிடலாம். அதற்கு ஓர் இனத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 80 பதிவுகளாவது தேவை. சரிவில் கிடைத்தூரத்தையே எழுதுங்கள்: 30 பாகைச் சரிவில் நாடா காட்டும் 100 மீற்றர், வரைபடத்தில் 87 மீற்றர்தான். தூரத்தைக் காதால் ஊகிக்க, கொழும்பை அண்டிய தலங்கமவிலோ தியசருப் பூங்காவிலோ பழகலாம்; ஒருவர் அளந்த தூரத்தில் நின்று, அங்கு வாழாத பறவையொன்றின் குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கவிட, மற்றவர்கள் கண்மூடி ஊகித்து எழுதிப் பின்னர் சரிபார்க்க வேண்டும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பருவத்தில் மூன்று தடவை செல்லுங்கள். ஒரு வருகையில் 10க்கு 4 தடவையே தென்படும் பறவை, மூன்று வருகைகளில் ஒருமுறையாவது பதிவாகும் வாய்ப்பு 78 வீதம். ஒரே வருகையோடு நிறுத்தினால், 60 வீதம் அதைத் தவறவிடுவீர்கள். வரிசையையும் ஆளையும் மாற்றி மாற்றிச் செல்லுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் புள்ளி எப்போதும் வெயிலிலேயே எண்ணப்படும்.

கொப்பியில் ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: ‘புள்ளி 7, 6.42, புதர்ச்சிட்டு ஆண், 35 மீற்றர், கண்டது, அலகில் புழு, உறுதி.’ கூட்டைத் தேடிப் புதருக்குள் நுழைய வேண்டாம். காகமும் கீரியும் நம் தடத்தைப் பார்த்து வரும். ஆட்காட்டி சிறகு முறிந்ததுபோல் நடித்தால், அந்த நடிப்பே போதிய சான்று; முட்டையைப் பார்க்காமலே பின்வாங்குங்கள். எதுவும் தென்படாத புள்ளிக்கும் 0 என்று எழுதுங்கள், அன்று மாலையே கணினியில் ஏற்றுங்கள், அரிய பறவைகளின் கூடுகள் உள்ள சரியான இடத்தை எங்கும் பகிரங்கமாக வெளியிடாதீர்கள்.