முதன்முறையாக வலென்சியப் பயேயா சமைப்பவர்களுக்கு

பயேயா என்பது முதலில் பாத்திரத்தின் பெயர். ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் பேசப்படும் வலென்சிய மொழியில் வாணலியைக் குறிக்கும் அந்தச் சொல்லே பின்னர் அதில் சமைத்த சோற்றுக்கும் பெயராயிற்று. ஆகவே பாத்திரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. தட்டையான அடியும் குட்டையான விளிம்பும் இரண்டு காதுகளும் உள்ள இந்த வாணலி, நான்கு பேருக்கு 40 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். அரிசி ஒரு விரல் தடிமனுக்கு மேல் போகாமல் பரவினால்தான் நீர் சீராக வற்றும்; ஆழமான பாத்திரத்தில் சோறு குழைந்துவிடும்.

கடல் உணவு சேர்த்த பயேயாவும் உண்டு. ஆயினும் ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அல்புஃபேரா ஏரியைச் சூழ்ந்த நெல்வயல் பகுதியில் வேரூன்றிய பயேயா கோழியும் முயலும் பீன்ஸும் சேர்ந்தது. புதிதாகச் சமைப்பவருக்கு அதையே பரிந்துரைக்கிறேன். இறாலைப் போலச் சற்று நேரம் கூடினாலே கோழிக்கறி ரப்பராகிவிடாது.

தேவையானவை: பொம்பா என்னும் ஸ்பானிய உருண்டை அரிசி 400 கிராம், எலும்புடன் கோழி 600 கிராம், முயல் 400 கிராம் (கிடைக்காவிட்டால் அதற்கும் கோழியே), அகன்ற பச்சை பீன்ஸ் 200 கிராம், வேகவைத்த டபுள் பீன்ஸ் 150 கிராம், துருவிய பெரிய தக்காளி ஒன்று, ஆலிவ் எண்ணெய் 100 மி.லி., காரமில்லாத பாப்ரிகாத் தூள் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை குங்குமப்பூ, உப்பு. வெங்காயம் சேர்ப்பதில்லை. பாசுமதி போன்ற நீள அரிசி இதற்குப் பொருந்தாது. உருண்டையான பொம்பா தன் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரை உறிஞ்சியும் உடையாமல் நிற்கும். அதைக் கழுவ வேண்டியதில்லை.

எண்ணெய் காய்ந்ததும் கறித்துண்டுகளில் உப்பிட்டு, நடுத்தரத் தீயில் எல்லாப் பக்கமும் நன்கு பொன்னிறமாகும் வரை வறுக்கவும். இதற்கு இருபது நிமிடங்களாவது ஆகும். இங்கே அவசரப்பட்டால் குழம்பின் சுவை வெளிறிவிடும். கறியை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் பச்சை பீன்ஸை வதக்கவும். பிறகு தக்காளியைச் சேர்த்து நீர் சுண்டும் வரை கிளறி, பாப்ரிகாவைத் தூவிய உடனேயே 2 லிட்டர் நீரை ஊற்றவும். பாப்ரிகா கருகினால் கசக்குமாதலால் நீரைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். டபுள் பீன்ஸையும் குங்குமப்பூவையும் சேர்த்து, சுமார் 1.2 லிட்டராக வற்றும் வரை அரைமணி நேரம் கொதிக்க விடவும். இப்போது உப்பைச் சுவைத்துப் பாருங்கள்: அரிசி உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதால் நீர் சற்றுக் கரிப்பாகவே இருக்கட்டும்.

அரிசியைப் பரவலாகத் தூவி, ஒருமுறை மட்டும் கரண்டியால் சமன்படுத்துங்கள். அதன் பிறகு கிளறவே கூடாது. நம் கை கரண்டியைத் தேடும். அதை அடக்குவதுதான் இந்தச் சமையலில் கடினமான பகுதி. கிளறினால் அரிசியின் மாவுச்சத்து நீரில் கரைந்து, பயேயா கூழ்போல் ஆகிவிடும். முதல் எட்டு நிமிடம் பெருந்தீயிலும், அடுத்த பத்து நிமிடம் சிறுதீயிலும் வேகட்டும். வீட்டு அடுப்பின் தீ நடுப்பகுதியை மட்டுமே எட்டுவதால், இடையிடையே வாணலியைக் காதுகளைப் பிடித்து நகர்த்தித் திருப்பி, ஓரங்களுக்கும் சூடு கிடைக்கச் செய்யவும்.

நீர் முழுதும் வற்றியதும் ஒரு நிமிடம் தீயைக் கூட்டுங்கள். சடசடவென்ற ஓசையும் வறுபட்ட மணமும் எழும்போது அடியில் காந்தல் பிடித்திருக்கும். வலென்சியர்கள் அதைச் சொக்கர்ராட் என்று அழைத்து, விரும்பிச் சுரண்டி உண்கிறார்கள். மணம் கருகலாக மாறும் முன் அடுப்பை அணைத்து, சுத்தமான துணியால் மூடி, ஐந்து நிமிடம் வைத்திருங்கள். பிறகு வாணலியை அப்படியே மேசை நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மரக்கரண்டியால் உண்ணலாம்.