ஜிபிஎஸ் நன்றாக ஓடுது, வயர்லெஸ்ஸில் இடம் மட்டும் வரலையா? ஒயரைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகளில் அடிக்கடி பார்க்கிறேன். ஜிபிஎஸ் தனியாக நன்றாக ஓடும், விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் தனியாகப் பேசும், இரண்டையும் ஒயர் போட்டு இணைத்தால் வயர்லெஸ் திரையில் இருப்பிடம் வராது. உடனே செட் போச்சு என்று புதுசு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

நிறத்தைப் பார்த்து இணைப்பதுதான் முதல் தவறு. கடல் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பேசும் முறையான என்எம்இஏ 0183-க்கு ஒயர்களில் பொதுவான நிறம் கிடையாது, ஒரு கம்பெனியின் பச்சை இன்னொன்றில் வேறு வேலை செய்யும். இரண்டு செட்டின் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ்ஸின் அவுட்டை (தகவல் வெளியே போகும் ஒயர்) வயர்லெஸ்ஸின் இன்னில் (தகவல் உள்ளே வரும் ஒயர்) கொடுங்கள். அவுட்டும் அவுட்டும் சேர்ந்தால் பேச இரண்டு பேர், கேட்க ஆள் இல்லை. ஏ, பி என்று இரண்டு ஒயர் வரும் செட்டில் அவுட் பி-யைக் கிரவுண்டோடு முறுக்கிவிடும் பழக்கமும் வேண்டாம், செட்டே பழுதாகலாம்.

அடுத்து ஒயரில் தகவல் போகும் வேகம், அதாவது பாட் ரேட். ஜிபிஎஸ்ஸுக்கு வழக்கமாக 4800, பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவிக்கு 38400. இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் டாலர் குறியில் தொடங்கி கமா கமாவாக வரிகள் ஓடணும், கிறுக்கல் எழுத்து வந்தால் பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை.

இதையெல்லாம் சரிபார்த்தும் வரவில்லையா, அப்போ உப்பு. நம் கடற்கரையில் இதைத்தான் அதிகம் சந்தேகப்படணும் என்பேன். வெளியே ஒயர் புதுசு மாதிரி இருக்கும், தோலைச் சீவினால் உள்ளே பச்சைக் களிம்பு மாவு மாதிரி உதிரும். ஒரு விரற்கடை வெட்டிவிட்டு அப்படியே முறுக்கி டேப் சுற்றுவது பெரிய தவறு, ஏனென்றால் ஈரம் தோலுக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள், வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால் ஒயரையே மாற்றுங்கள், வெள்ளீயம் பூசிய கம்பி இன்னும் நல்லது. ஒயர் தொடர்பைச் சோதிக்கும் மீட்டர் 'பீப்' அடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், பத்து இழை அறுந்து ஒரே இழை மிஞ்சினாலும் அது பீப் அடிக்கும், அலையில் படகு குலுங்கும்போது அதுவும் விட்டுப்போகும். அதனால் ஒயரை ஆட்டிக்கொண்டே சோதியுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. டிஎஸ்சி (பட்டனை அழுத்தினால் டிஜிட்டல் அழைப்பு அனுப்பும் வசதி) உள்ள செட்டில் ஆபத்துப் பட்டனை அழுத்தினால் 70-ஆம் சேனலில் அழைப்போடு நம் இருப்பிடமும் போகும், அந்த இடம் இந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது. கரையை விட்டுக் கிளம்பும் முன் வயர்லெஸ் திரையில் உள்ள எண்ணையும் ஜிபிஎஸ் எண்ணையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.