சார்லமேனை குழப்பம் இல்லாம படிக்கிறது எப்படி: டெல்டா பசங்களுக்கு ஒரு வழி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கிறவங்க, பி.ஜி. டி.ஆர்.பி.க்கு உக்காந்திருக்கிறவங்க, எல்லாரும் சோழர்னா தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லிருவாங்க, இப்போதைய ஃபிரான்ஸ், ஜெர்மனி பக்கம் ஆண்ட ஃபிராங்க் ராஜா சார்லமேன்னு வந்தா மட்டும் "800 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ரோம்ல போப் முடி சூட்டினாரு"ன்னு ஒரு வரியோட நின்னுரும். அந்த வரிய கடைசில படிங்க. போப்புக்கு ஏன் ஃபிராங்க் ராஜா தேவைப்பட்டாரு, ராஜாவுக்கு ஏன் போப் தேவைப்பட்டாரு, இத மொதல்ல பிடிச்சிருங்க.

அதுக்கு 751-ல ஆரம்பிக்கணும். அப்ப ஃபிராங்க் நாட்ட ஆண்ட மெரோவிஞ்சியன் வம்சத்து ராஜா பேருக்குத்தான், அதிகாரம் பூரா அரண்மனை மேயர்ங்கிற தலைமை அமைச்சர் கையில. 732-ல டூர்ஸ் பக்கம் அரபுப் படைய தடுத்த சார்லஸ் மார்டெல் அந்த மாதிரி மேயர்தான், அவரு மகன் பெப்பினும் மேயர்தான். பெப்பின் போப்கிட்ட ஆள் அனுப்பி சம்மதம் வாங்கிட்டு, கடைசி மெரோவிஞ்சியன் ராஜா மூணாம் சில்டெரிக்க மொட்டையடிச்சு மடத்துக்கு அனுப்பிட்டு தானே ராஜா ஆயிட்டாரு. பதிலுக்கு, இத்தாலில போப்ப மிரட்டிட்டு இருந்த லொம்பார்டுங்கிற ஆளுங்கள அடிச்சு நிலத்த பிடிச்சு 756-ல போப்புக்கே குடுத்தாரு. இந்தக் குடுக்கல் வாங்கல்தான் 800-க்கும் அடிப்படை.

அடுத்து டைம்லைன் போடுறப்ப பக்கத்துலயே நம்ம ஊரையும் எழுதிக்கோங்க. 768-ல பெப்பின் சாகுறாரு, நாடு அவரு மகன் சார்லஸுக்கும் (இவருதான் சார்லமேன்) தம்பி கார்லோமனுக்கும் பங்காகுது, 771-ல தம்பியும் போய்ச் சேர முழு ராஜ்யமும் இவருக்கு. அப்ப இங்க காஞ்சில ரெண்டாம் நந்திவர்மன், தெக்க பாண்டியன் நெடுஞ்சடையன். தஞ்சாவூர விஜயாலயன் பிடிக்கிறதெல்லாம் சார்லமேன் செத்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் பெறகு, ராஜராஜன் இன்னும் ரொம்ப தூரம்.

போர்களுக்கு தேதி மனப்பாடம் வேண்டாம், ஒரு மேப் வரைஞ்சு திசை போடுங்க. தெக்க இத்தாலி: 774-ல லொம்பார்டு தலைநகர் பவியா விழுது, லொம்பார்டு ராஜா டெசிடெரியஸ் மாட்டுறாரு (அவரு பொண்ணத்தான் இவரு கட்டி, கொஞ்ச நாள்லயே திருப்பி அனுப்பியிருந்தாரு). தென்மேற்க ஸ்பெயின்: 778-ல திரும்பி வர்றப்ப ரோன்செவோக்ஸ் கணவாய்ல பின்படைய வெட்டினது பாஸ்க் ஆளுங்க, அரபுங்க இல்ல, இதுல நெறைய பேரு மார்க்க விட்டுருவாங்க. வடகிழக்க சாக்சனி: 772-ல தொடங்கி 804 வரைக்கும் இழுத்துச்சு, நடுவுல 782-ல வெர்டென்ல ஒரே நாள்ல 4,500 பேர கொன்னதா ஃபிராங்க் வருஷக் குறிப்புகளே சொல்லுது, 785-ல சாக்சன் தலைவன் விடுகிண்ட் ஞானஸ்நானம் எடுத்தான். "மகா சார்லஸ்"னு புகழ்ந்து எழுதுறவங்க இத ஒரு வரில தாண்டிருவாங்க, நீங்க தாண்டாதீங்க.

இப்ப 800-க்கு வாங்க. 799-ல ரோம்ல மூணாம் லியோ போப்ப எதிரிங்க தெருவுல போட்டு அடிக்க, அவரு ஜெர்மனில இருக்கிற பாடர்போர்ன் வரைக்கும் ஓடி வந்து சார்லஸ்கிட்ட நிக்கிறாரு. கிழக்கு ரோமப் பேரரசோட தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள்ல ஐரீன்னு ஒரு பொம்பள ஆட்சி, அதனால பேரரசர் சீட்டு காலின்னு மேற்க ஒரு பேச்சு. போப்புக்கு பாதுகாப்பு வேணும், இவருக்கு பட்டம் வேணும், முடிஞ்சுது கத. போப் முடி சூட்டப் போறாருன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு சர்ச்சுக்கே போயிருக்க மாட்டேன்னு சார்லஸ் சொன்னதா, அவரு வாழ்க்கை வரலாறு எழுதின ஐன்ஹார்ட் எழுதியிருக்காரு, எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்ல. பைசாண்டியம், அதாவது அந்தக் கிழக்குப் பேரரசு, இவரு பட்டத்த ஒத்துக்கிட்டது 812-லதான்.

நிர்வாகத்துக்கு மூணு விஷயம் போதும்: ஊருக்கு ஊர் கவுண்ட்ங்கிற அதிகாரி, அவங்கள செக் பண்ண ஒரு பிரபு ஒரு பாதிரின்னு ஜோடியா போற மிஸ்ஸி டொமினிசி, ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 பென்னி நாணயம். கல்விக்கு இங்கிலாந்து யார்க்ல இருந்து வந்த அறிஞர் அல்குயின். பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பி 802-ல சார்லமேன் அரண்மனை இருந்த ஆகன் வந்து சேந்த அபுல் அப்பாஸ் யானைய ஒரு மார்க் கேள்விக்கு வச்சிக்கோங்க.

ஆனா 793 வாய்க்கா கதைய விட்றாதீங்க, நமக்குன்னே இருக்கு. ரைன் பக்கத்து தண்ணியையும் டான்யூப் பக்கத்து தண்ணியையும் சேக்கணும்னு ஜெர்மனில ரெசாட், ஆல்ட்முயூல்னு ரெண்டு ஆத்துக்கு நடுவுல 300 அடி அகலத்துக்கு வெட்ட ஆரம்பிச்சாங்க, விடாம மழை, சேத்து நிலம், பகல்ல வெட்டின மண்ணு ராத்திரி சரிஞ்சு திரும்ப உள்ளயே விழுந்துருச்சு. ஐப்பசில கரை போடுறவங்கள கேளுங்க, அந்தப் பாடு புரியும். கரைக்கு அடிச்ச மரத்த இப்ப தோண்டி எடுத்து பாத்தா அதே 793-ல வெட்டின மரம்.

கடைசியா 814 ஜனவரி 28 ஆகன்ல சாவு, அடுத்து மகன் லூயி, 843-ல பேரனுங்க மூணு பேரும் வெர்டூன் உடன்படிக்கைல பாகம் பிரிச்சிக்கிட்டாங்க. இந்த வெர்டூன் ஃபிரான்ஸ்ல இருக்கு, 782 படுகொலை நடந்த வெர்டென் ஜெர்மனில, ஆப்ஷன்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல குடுப்பாங்க, வருஷத்த பாத்துட்டு டிக் அடிங்க.