போலிக் அமில மாத்திரை: எப்போது தொடங்குவது, எவ்வளவு சாப்பிடுவது

நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் இரண்டு கோடு பார்த்து, மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கும்போது பலருக்கும் முக்கியமான நாட்கள் கடந்துவிட்டிருக்கும். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் அது ஆறாவது வாரம். அப்போது பி வைட்டமின்களில் ஒன்றான போலிக் அமிலம் போதாவிட்டால் குழாய் சரியாக மூடாமல் போகும் வாய்ப்பு கூடும். முதுகுப் பக்கம் திறந்திருந்தால் ஸ்பைனா பைஃபிடா. தலைப் பக்கம் திறந்திருந்தால் மூளையே முழுதாக வளராது. பின்னால் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அதை மூட முடியாது.

ஆகவே குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததுமே, கருத்தடையை நிறுத்துவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள். கர்ப்பத்தின் 12 வாரம் முடியும்வரை விடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது பெரிய விஷயமில்லை. தினம் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கடையில் அட்டையைத் திருப்பி அளவைப் படியுங்கள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 5000 மைக்ரோகிராம்; தேவையைப்போல் பன்னிரண்டரை மடங்கு. முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்தவர்கள், வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் 4 அல்லது 5 மில்லிகிராம் எழுதுவார். 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு பாதிப்பு வந்தவர்களிடம் 4 மில்லிகிராம் அளவு மறுபாதிப்பை 72 சதவீதம் குறைத்தது. வலிப்பு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு அதிக அளவால் வரும் சிக்கல் வைட்டமின் பி12 குறைபாட்டை மறைப்பது. போலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்துவிடும். பி12 குறைவால் வரும் நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். முட்டை, மீன், கறி தொடாதவர்கள், கால் மரத்துப்போகிறவர்கள் பி12 பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கீரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, ஈரல் எல்லாவற்றிலும் போலிக் அமிலச் சத்து உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி அதோடு போய்விடும். கொஞ்சம் நீரில், மூடி வைத்து, சீக்கிரம் இறக்குங்கள். என்றாலும் கருத்தரிக்கும் காலத்தில் உணவை மட்டும் நம்பாதீர்கள்.

நான்காம் மாதத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கும். பிரசவத்துக்கு முன் 180 நாள், பின் 180 நாள். குமட்டல், மலச்சிக்கல், கறுத்த மலம் எல்லாம் இரும்பால் வருவது. அதற்குப் பயந்து பலர் மாத்திரையையே தூக்கிப்போடுகிறார்கள். இரவு உணவுக்குப் பின் சாப்பிட்டுப் பாருங்கள், தாங்கும். டீ, காபி, கால்சியம் மாத்திரை இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்.

ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கம்போல் ஒன்றுதான், இரண்டு வேண்டாம்.