கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா?

பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. பூநாரை போதும் என்றால் சரி, ஜனவரியிலேயே போகலாம். பறவைகள் வந்து இறங்குவதைப் பார்க்க ஆகஸ்ட் கடைசியிலிருந்தே ஒரு கண் வைக்க வேண்டும். உள்ளான் என்பது சேற்றில் இரை தேடும் சிறிய கரைப்பறவை. சைபீரியாவிலிருந்து வரும் வளைந்த மூக்கு உள்ளான்களில் முதிர்ந்தவை முன்னால் வந்துவிடும். அந்த வருடத்துக் குஞ்சுகள் பின்னால், அதுவும் தாய் தகப்பன் துணையில்லாமல் வரும்.

முதலில் வருபவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். நவம்பரில் எல்லாமே சாம்பல்தான். புத்தகத்தில் உள்ள சிவப்புப் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். நிறத்தை விட்டுவிட்டு மூக்கையும் காலையும் பாருங்கள். உள்ளானிலேயே குட்டியான கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதே அளவில் மஞ்சள் கால் தெரிந்தால் அது வேறு சாதி.

கூட்டத்தைக் கண்டதும் கேமராவோடு நேரே நடப்பது அடுத்த தவறு. நானும் நடந்திருக்கிறேன். மொத்தக் கூட்டமும் எழும்பி அரை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தது. நான் முழங்கால் சேற்றில் நின்றேன், ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு இரை தேடும் நேரம் அது. வெயில் முதுகில் படும்படி கரையில் உட்கார்ந்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் மேய்ந்துகொண்டே அவை பக்கத்தில் வந்துவிடும்.

வெளிமானுக்கும் இதேதான். துரத்திப் படமெடுத்தால் பின்பக்கம்தான் கிடைக்கும்.

போன வாரம் பார்த்த இடத்துக்கே திரும்பப் போவதும் வீண். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் சதுப்பில் தண்ணீர் ஏறும். குட்டைக்கால் உள்ளான்கள் ஆழமில்லாத இடம் தேடி நகர்ந்துவிடும், நெட்டைக்கால் பறவைகள்தான் அங்கே நிற்கும். புயல் எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா இந்தக் கரையை என்ன செய்தது என்று வேதாரண்யத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம், ஆறுமணிக்குருவி என்கிற வலசை வரும் வண்ணக் குருவி. அக்டோபர் வாக்கில் இரவெல்லாம் பறந்து களைத்துப்போய் வீட்டு முற்றத்தில்கூட விழுந்துகிடக்கும். உடனே வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள், கையில் வைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். இரண்டுமே கூடாது. காட்டில் இருப்பதை வரவழைக்க மொபைலில் அதன் குரலைப் போடுவதும் தப்பு. எதிரி வந்துவிட்டதென்று அது பதறும். விழுந்து கிடப்பதை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். பொழுது சாயும்போது புதர் ஓரம் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.