ஏற்காடு ஏறி இறங்கும்போது காதைக் காப்பது எப்படி?

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேர்வதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதை முதலில் உணர்வது செவிப்பறைதான்.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காது, காற்று நிரம்பிய சின்ன அறை. அதற்குக் காற்று போய்வர ஒரே வழி, மூக்கின் பின்பக்கம் திறக்கும் யூஸ்டேசியன் குழாய். பெரியவர்களுக்கு அது மூன்றரை செ.மீ. நீளம் இருக்கும். எப்போதும் மூடியே கிடக்கும், விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறக்கும். ஏறும்போது உள்ளே விரியும் காற்று குழாயைத் தள்ளித் திறந்து 'டப்'பென்று தானே வெளியேறும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். வெளி அழுத்தம் கூடக் கூடச் செவிப்பறை உள்ளே அமுங்கும், குழாயின் வாயும் இன்னும் இறுகும். நாமாகத் திறந்தால்தான் உண்டு. ஏற்றத்துக்குப் பயப்படுகிறவர்கள் இறக்கத்துக்குத்தான் தயாராக வேண்டும்.

எனவே காது அடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து வண்டி இறங்கத் தொடங்கியதுமே மிட்டாய் சப்புங்கள், அல்லது ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். அடைத்துவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குங்கள். அதற்கும் திறக்காவிட்டால் வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாக ஊதலாம். முக்கி ஊதவே கூடாது, உள்காதின் மெல்லிய சவ்வு கிழியலாம். சளி பிடித்திருந்தால் ஊதுவதையே விட்டுவிடுங்கள், சளி நடுக்காதுக்குள் ஏறிவிடும்.

கைக்குழந்தைக்கு இந்தக் குழாய் குட்டை, அதிகம் சாய்வில்லாமல் படுக்கையாக இருக்கும், எளிதில் அடைக்கும். தூக்கத்தில் விழுங்குவதும் குறைவு. இறங்கும் நேரத்தில் குழந்தையை எழுப்பிப் பால் கொடுங்கள். கடுமையான சளி, காதுவலி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

தலைச்சுற்றலும் குமட்டலும் வருவதற்குக் காரணமும் காதுதான், ஆனால் உள்காது. அங்கே மூன்று அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவம் ஒவ்வொரு திருப்பத்திலும் அசைந்து 'சுழல்கிறோம்' என்று மூளைக்குச் சொல்லும். செல்போனையே பார்க்கும் கண் 'அசைவே இல்லை' என்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் வயிறு புரட்டுகிறது. முன் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்துப் பாதையைப் பாருங்கள். போனை எடுக்க வேண்டாம். வாந்தித் தடுப்பு மாத்திரை டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு அதிகம் பயன் தராது. பெரும்பாலான மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

வீடு திரும்பியும் அடைப்பு நீங்கவில்லை என்றால் கொண்டை ஊசி, பட்ஸ், காய்ச்சிய எண்ணெய் எதையும் காதில் விடாதீர்கள். அடைப்பு இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், எண்ணெய் அங்கே போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, எண்ணெய் உள்ளே இறங்கிச் சீழ் வைக்கும். ரத்தமோ நீரோ வடிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். வெறும் அடைப்புக்கு இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம்.

ஆனால் பொறுப்பதற்கு முன் ஒரு சோதனை. வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் ஓசை பலமாகக் கேட்டால் அது பெரும்பாலும் நடுக்காது அடைப்பு, சரியாகிவிடும். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உள்காதோ செவிநரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். 'மலைக்குப் போய் வந்ததால் அடைத்திருக்கிறது' என்று நாள் கடத்திக் கேட்கும் திறனை இழப்பது இங்கேதான். திடீர்க் காதுகேளாமைக்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.